தீப்பொறிக்கு ஏற்ற காலம்



தென்காசியிலிருந்து செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவுக்குச் செல்லும் மலைப்பாதையை உங்களுள் பலர் அறிந்திருப்பீர்கள். புளியரையை அடுத்துச் சமவெளி முடிந்து ஏற்றம் தொடங்குகிறது. ஓட்டுநர்கள் ‘எஸ் வளைவு’ என்று பெயரிட்டழைக்கும் திருப்பத்தைக் கடந்து கோட்டைவாசலை எட்டும் வரையில், எந்த வண்டியும் தன் மெய்யான வலிமையைக் காட்டியே தீரவேண்டும். சமநிலத்தில் மறைந்து கிடந்த குறைகளெல்லாம் அந்த ஏற்றத்திலே வெளிப்பட்டுவிடும்.

பழைய பெட்ரோல் கார் ஒன்று ஆட்களையும் மூட்டைகளையும் சுமந்துகொண்டு அங்கே ஏறும்போது, சில வேளைகளில் எஞ்சினுக்குள்ளிருந்து ‘கிணுகிணு’வென ஓர் ஒலி எழும். தகரக் குவளையிற் கூழாங்கற்களை இட்டுக் குலுக்கினாற் போன்ற ஒலி அது. பட்டறைக்காரர்கள் அதனை ‘நாக்கிங்’ என்பார்கள். கேட்பவர்களுக்கு அது ஏதோ ஒரு திருகு கழன்ற ஓசை போலத் தோன்றும். உண்மையில் கழன்றது எதுவும் இராது. எஞ்சினுக்குள் தீப்பொறி பிறக்கவேண்டிய நேரத்திற்கு முன்னரே பிறந்துவிடுகிறது என்பதே பெரும்பாலும் அவ்வொலியின் பொருள். அந்த நேரத்தைச் சரியாக அமைக்கும் முறையையும், அதற்கு அடிப்படையான அறிவியலையும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

புதிய கார்களில் இவ்வேலையைக் கணிப்பொறியே செய்துவிடுகிறதே, பழைய வண்டியைப் பற்றிய பேச்சு நமக்கு எதற்கு என்று உங்களுள் ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும் மூடிய கடிகாரத்தைக் காட்டிலும் திறந்து வைத்த கடிகாரமே மாணவனுக்கு நல்லாசான். பழைய எஞ்சினில் ஒவ்வோர் உறுப்பும் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். பௌதிகப் பாடத்தில் நாம் கற்கும் காலம், வேகம், கோணம், வெப்பம், அழுத்தம் ஆகிய அனைத்தும் ஒரு திருகின் முனையில் வந்து கூடுவதை அங்கே காணலாம்.

முதலில் எஞ்சினின் தொழிலைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். ஜெர்மானியராகிய நிக்கோலஸ் ஆட்டோ 1876ஆம் ஆண்டில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய நான்கு அடி எஞ்சினின் முறையே இன்றளவும் பெட்ரோல் கார்களில் நிலைத்திருக்கிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்த கலவை சிலிண்டருக்குள் வருகிறது. பிஸ்டன் மேலே ஏறி அதனை நெருக்குகிறது. பிளக்கின் முனையில் மின்பொறி தோன்றிக் கலவை எரிகிறது. எரிந்த வாயு விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. மறுபடி பிஸ்டன் ஏறும்போது புகை வெளியேறுகிறது. இந்நான்கு அடிகளுக்குள் கிராங்க் தண்டு இருமுறை சுழன்றுவிடும்.

பிஸ்டன் உச்சியை அடைந்து நிற்கும் நிலையை மேல்முனை என்று வைத்துக்கொள்வோம். பொறி எப்போது பிறக்கவேண்டும்? பிஸ்டன் மேல்முனையை அடைந்தவுடன் என்று விடை சொல்லத் தோன்றும். வகுப்பில் இக்கேள்வியைக் கேட்ட போதெல்லாம் பத்தில் எட்டு மாணவர்கள் அவ்வாறுதான் சொன்னார்கள். நான் அவர்களைத் திருப்பிக் கேட்பதுண்டு: பன்னிரண்டு மணிக்கு இலை போடவேண்டுமாயின், பன்னிரண்டு மணிக்கா அடுப்பு மூட்டுவார்கள்? சோறு வேகும் நேரத்தைக் கணக்கிட்டு முன்னதாகவே உலை வைப்பதுதானே வீட்டாரின் வழக்கம்? பெட்ரோல் கலவையும் அப்படித்தான். அது வெடிமருந்து போல் ஒரே கணத்தில் எரிவதன்று. பிளக்கின் முனையில் சிறு பொட்டாகத் தொடங்கிய தீ, வினாடிக்குச் சில பத்து மீட்டர் வேகத்தில் பரவிச் சிலிண்டரின் மறுகோடிக்குச் செல்லவேண்டும். அதற்கு நேரம் வேண்டும். பிஸ்டன் மேல்முனையைக் கடந்து ஏறத்தாழ 10 முதல் 15 பாகை இறங்கியிருக்கும்போது அழுத்தம் உச்சத்தை எட்டுமாயின் நல்ல பயன் கிடைக்கும். அதற்காகப் பொறி முன்னதாகவே பிறந்தாக வேண்டும். இந்த முந்தலைப் பட்டறையில் ‘அட்வான்ஸ்’ என்பார்கள். பிந்தலை ‘ரிட்டார்ட்’ என்பார்கள். இரண்டையும் அமைக்கும் வேலைக்கு ‘டைமிங் வைத்தல்’ என்று பெயர்.

எவ்வளவு முந்தவேண்டும் என்பதை ஒரு சிறு கணக்கினால் அறியலாம். கணக்கின் எளிமைக்காகத் தீ பரவுவதற்கு ஒரு வினாடியில் ஆயிரத்தில் 2 பங்கு நேரம் ஆகிறது எனக் கொள்வோம். எஞ்சின் நிமிடத்திற்கு 800 சுற்று வீதம் மெதுவாக ஓடுகிறது. அப்போது கிராங்க் தண்டு வினாடிக்கு 4,800 பாகை சுழலும். அந்தச் சிறு நேரத்தில் ஏறத்தாழ 10 பாகை திரும்பியிருக்கும். வேகம் 3,000 சுற்றாக உயர்ந்தால் வினாடிக்கு 18,000 பாகை ஆகிறது. அதே நேரத்தில் தண்டு 36 பாகை திரும்பிவிடும். தீ பரவும் நேரம் மாறாதிருக்க, எஞ்சினின் வேகம் மட்டும் உயருமானால், பொறி மேன்மேலும் முந்தவேண்டும் என்பது தெளிவாகிறது. ஆனால் இக்கணக்கை அப்படியே நீட்டி, 6,000 சுற்றுக்கு 72 பாகை வேண்டும் என்று முடிவு கட்டிவிடலாகாது. வேகம் கூடும்போது கலவை சுழித்துக் கொந்தளித்து உள்ளே வருவதால் தீயும் விரைந்து பரவுகிறது. ஆதலின் பழைய எஞ்சின்கள் பெரும்பாலானவற்றில், முழு வேகத்தில் மொத்த முந்தல் 30 முதல் 36 பாகை அளவில் நின்றுவிடும். கணக்கு வழி காட்டும். எல்லையை இயற்கையே வகுக்கும்.

பொறி பிந்தினால் என்ன நேரும், முந்தினால் என்ன நேரும் என்பதற்கு ஊஞ்சலை எண்ணிப் பாருங்கள். ஊஞ்சல் பின்னே வந்து, நின்று, முன்னே திரும்பும் தருணத்தில் தள்ளினால் சிறிய விசையும் பெரிய வீச்சைத் தருகிறது. வெகுதூரம் சென்ற பிறகு தள்ளினால் கை வெறுமனே பின்தொடர்கிறது, தள்ளியது வீண். பொறி பிந்தினால் எஞ்சினுக்கு நேர்வது இதுவே. வலிமை குறையும், பெட்ரோல் செலவு கூடும், பிஸ்டனைத் தள்ளவேண்டிய வெப்பம் புகைக்குழாய் வழியே வீணாய்ப் போகும், எஞ்சின் சூடேறும். ஊஞ்சல் நம்மை நோக்கி வரும்போதே எதிர்த்துத் தள்ளினாலோ கை வலிக்கும். பொறி மிகவும் முந்தினால் ஏறிவரும் பிஸ்டனை எரியும் வாயு எதிர்க்கிறது.

அதனினும் பெரிய தீங்கு ஒன்று உண்டு. தீ இன்னும் சென்று சேராத மூலையில் எஞ்சியிருக்கும் கலவை, சுற்றிலும் பெருகும் அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் தானாகவே ஒரே கணத்தில் பற்றிக்கொள்கிறது. அப்போது எழும் அழுத்த அலைகள் சிலிண்டரின் சுவரை அறைகின்றன. நாம் கேட்கும் ‘கிணுகிணு’ ஒலி அந்த அறைதலே. பிஸ்டனின் மேற்புறத்தை வெப்பத்தினின்று காத்துவந்த மெல்லிய வாயுப் படலத்தையும் அவ்வலைகள் கலைத்துவிடுகின்றன. அலுமினியப் பிஸ்டன் அந்த வெப்பத்தை நெடுநேரம் தாங்காது.

மோட்டார் வண்டியின் தொடக்க காலத்தில் இந்த முந்தலையும் பிந்தலையும் ஓட்டுநரே கையினால் மாற்றவேண்டியிருந்தது. 1908 முதல் 1927 வரை செய்யப்பட்ட ஃபோர்டு மாடல்-டி காரில் இதற்கென்றே சுக்கானருகில் ஒரு நெம்புகோல் இருந்தது. அதனைப் பின்தள்ள மறந்து கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பினால், எஞ்சின் எதிர்த்திசையில் உதைத்து மணிக்கட்டை முறித்துவிடுவதும் உண்டு. பின்னர் வந்த வண்டிகளில் ‘டிஸ்ட்ரிபியூட்டர்’ என்னும் கருவியே இவ்வேலையை ஏற்றுக்கொண்டது. அதனுள் வில்சுருளால் பிணைக்கப்பட்ட இரண்டு சிறு எடைகள் இருக்கின்றன. சுழற்சி விரையும்போது அவை வெளியே விரிந்து பொறியை முந்தச் செய்கின்றன. பக்கத்தில் வட்டமான தகரப் பெட்டி ஒன்று உண்டு. ஓட்டுநர் மிதியைச் சிறிதளவே அழுத்தி ஓடும்போது சிலிண்டருக்குள் புகும் கலவை அடர்த்தி குறைந்திருப்பதால் மெதுவாக எரியும். அந்நேரத்தில் எஞ்சினின் உறிஞ்சு விசை அப்பெட்டியிலுள்ள சவ்வை இழுத்து மேலும் சிறிது முந்தலைத் தருகிறது. மலை ஏறுகையில் மிதியை முழுதும் அழுத்தினால் உறிஞ்சு விசை குன்றிப் பொறி பின்வாங்குகிறது.

டிஸ்ட்ரிபியூட்டரின் நடுவே ‘பாயின்ட்’ என்னும் இரண்டு தொடுமுனைகள் உள்ளன. அவை சேர்ந்திருக்கும்போது காயிலின் முதற்சுற்றில் மின்னோட்டம் ஓடும். அவை பிரியும் அக்கணத்தில் மின்னோட்டம் அறுபட்டு, மின்தூண்டலால் காயிலின் மறுசுற்றில் பல்லாயிரம் வோல்ட் எழுந்து பொறியாகிறது. மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்த மின்தூண்டல் தத்துவம், நான்கு சிலிண்டர் எஞ்சினில் 3,000 சுற்று வேகத்தில் வினாடிக்கு 100 முறை வேலை செய்கிறது. ஆகவே, பாயின்ட் பிரியும் கணமே பொறி பிறக்கும் கணம். இதனை மனத்திற் பதித்துக்கொண்டால் மீதியெல்லாம் எளிது.

இனி, இந்த நுட்பம் நம் நாட்டில் வேகத்திற்காகப் பயன்பட்ட வரலாற்றைச் சிறிது பார்ப்போம். சென்னையிலிருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961ஆம் ஆண்டு முதல் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்னும் காரைச் செய்து விற்றது. நான்கு சிலிண்டர், 948 கன சென்டிமீட்டர் கொள்ளளவு கொண்ட சிறிய எஞ்சின் அது. முன்புற மூடி முழுவதையும் நிமிர்த்தித் திறந்துவிடலாமாதலால், பழுதுபார்ப்பவர்க்கும் கற்பவர்க்கும் உகந்த வண்டியாயிற்று. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையில், 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் பந்தயங்கள் நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப் பாதை அமைவதற்கு முன் சோழவரமே தமிழ்நாட்டின் வேகக்களம். வெளிநாட்டு வண்டிகளோடு, உள்நாட்டில் செய்யப்பட்ட ஹெரால்டு, ஃபியட் கார்களும் எஞ்சின் திருத்தப்பெற்று அங்கே ஓடின.

அத்திருத்தங்களுள் எளியது, சிலிண்டர் தலையைச் சிறிது கடைந்தெடுத்து நெருக்க விகிதத்தை உயர்த்துவது. இதனையும் கணக்கிட்டுப் பாருங்கள். 948ஐ நான்கால் வகுத்தால் ஒரு சிலிண்டருக்கு 237 கன சென்டிமீட்டர். நெருக்க விகிதம் 8 எனின், பிஸ்டன் மேல்முனையில் நிற்கும்போது மேலே எஞ்சும் இடம் 237ஐ 7ஆல் வகுத்த ஈவு. அஃதாவது ஏறத்தாழ 34. தலையைக் கடைந்து அதில் 4 கன சென்டிமீட்டரைக் குறைத்தால் எஞ்சுவது 30, விகிதம் 8.9 ஆகிவிடுகிறது. கலவை கூடுதலாக நெருக்கப்படுகிறது, சூடு கூடுகிறது, தீ விரைந்து பரவுகிறது. எனவே கையேட்டிலுள்ள பழைய அளவு இந்த எஞ்சினுக்கு மிகையாகிவிடும். வலிமையைக் கூட்டியவர் முந்தலைக் குறைத்தாக வேண்டும். இளைஞர்கள் பலர் இதற்கு மாறாகவே எண்ணுகிறார்கள். பொறி முந்த முந்த வேகம் கூடும் என்பது அவர்கள் நம்பிக்கை.

அந்நம்பிக்கை எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கு நான் நேரிற் கண்ட சான்று ஒன்று உண்டு. என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் கோவையில் வேலை பார்த்து வந்தார். பழைய ஹெரால்டு ஒன்றை வாங்கித் தலையைக் கடைந்து, இரண்டு கார்புரேட்டர்கள் பொருத்தினார். வெளியூர்ப் பட்டறை ஒன்றில் அதற்கு டைமிங் வைத்தார்கள். எஞ்சினை ஓடவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி, எந்த நிலையில் எஞ்சின் மிக வேகமாகச் சுழன்றதோ அந்த நிலையிலேயே முடுக்கிவிட்டார்கள். விளக்கும் இல்லை, அளவும் இல்லை. அவர் சங்கரன்கோவில் சாலைப் பக்கம் திரும்பாமல் இராசபாளையம், சிவகிரி, புளியங்குடி வழியாக விரைந்து வந்தார். கடையநல்லூரை அணுகுகையில் எஞ்சின் வலிமை குன்றி நீலப் புகை கக்கியது. தென்காசியில் எஞ்சினைப் பிரித்தபோது மூன்றாம் பிஸ்டனின் நடுவே கட்டைவிரல் நுழையுமளவு ஓட்டை. விளிம்பெல்லாம் மெழுகு உருகினாற்போல் வழிந்திருந்தது. பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் கடுகினும் சிறிய அலுமினிய மணிகள் ஒட்டிக்கிடந்தன.

“ஒரு சத்தமும் கேட்கவில்லையே, ஐயா” என்றார் மாணவர். வண்டியைப் பிரித்த முதிய மெக்கானிக் என் பக்கம் திரும்பி, “சார்வாள், அந்த வேகத்துல காத்தோட இரைச்சலும் சைலன்சர் சத்தமும் சேர்ந்தா நாக்கிங் எங்க கேட்கும்? வண்டி சும்மா நிக்கும்போது பாடுற பாட்டை நம்பக்கூடாது. சுமையோட மேட்டுல ஏறும்போது என்ன பாடுதுன்னு கேக்கணும், அதுக்கு முன்னாடி விளக்கு வச்சுப் பார்த்திருக்கணும்” என்றார்.

அவர் சொன்னதில் அறிவியல் முழுவதும் அடங்கியிருக்கிறது. சுமையின்றி நிற்கும் எஞ்சின், பொறியை முந்தச் செய்யச் செய்ய விரைந்துதான் சுழலும். அதனைக் கேட்டு 10 பாகை இருக்கவேண்டிய இடத்தில் 20 பாகை வைத்துவிட்டோம் என்று கொள்வோம். சாலையில் வேகம் கூடியதும் டிஸ்ட்ரிபியூட்டரின் எடைகள் தம் பங்காக 24 பாகையைச் சேர்க்கும். 34இல் நிற்கவேண்டியது 44 ஆகிவிடும். காது அங்கே உதவாது, அளவுதான் உதவும்.

ஆகவே, முறையாக அளந்து அமைக்கும் வழியைச் சொல்கிறேன். பெரியவர் ஒருவரின் துணையின்றி மாணவர்கள் இதில் இறங்கலாகாது. வண்டி காற்றோட்டமுள்ள வெளியிடத்தில் நிற்கவேண்டும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமற்ற நஞ்சு. கியரை விடுத்துக் கைப்பிரேக்கை இழுத்து வையுங்கள். வேட்டித் தலைப்பு, துண்டு, துப்பட்டா, தொங்கும் பின்னல் ஆகியவை விசிறிப் பட்டையின் அருகே வரக்கூடாது.

முதலாவது, பாயின்ட் இடைவெளியைச் சரிசெய்க. பழைய வண்டிகள் பலவற்றில் இது ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர், தத்தம் கையேட்டைப் பார்த்துக்கொள்வது நன்று. இடைவெளி கூடினால் பாயின்ட் முன்னதாகப் பிரியும். குறைந்தால் பிந்திப் பிரியும். எனவே டைமிங் வைத்த பிறகு இடைவெளியைத் தொட்டால் டைமிங்கும் மாறிவிடும். வரிசை மாறக்கூடாது.

இரண்டாவது, பிளக்குகளைக் கழற்றிவிட்டு முதற் சிலிண்டரின் துளையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, எஞ்சினை அது இயல்பாக ஓடும் திசையிலேயே திருப்புக. விரலைக் காற்று உந்தித் தள்ளினால் அது நெருக்கும் அடி. அப்படியே திருப்பி, முன்புறக் கப்பியிலுள்ள கோடு, கையேடு சொல்லும் பாகைக் குறிக்கு நேராக வரும்போது நிறுத்துக. குறியைத் தாண்டிவிட்டால் பின்னோக்கிச் சிறிது திருப்பி நிறுத்திவிடாதீர்கள். நன்கு பின்சென்று மறுபடி முன்னோக்கியே வாருங்கள். பற்சக்கரங்களுக்கும் சங்கிலிக்கும் இடையேயுள்ள தளர்ச்சி இல்லாவிடில் அளவைப் பொய்யாக்கும். கப்பியில் பாகைக் குறிகள் இல்லையெனில் நாமே இட்டுக்கொள்ளலாம். விட்டம் 150 மில்லிமீட்டர் எனின் சுற்றளவு 471. அதனை 360ஆல் வகுத்தால் ஒரு பாகைக்கு 1.3 மில்லிமீட்டர். மேல்முனைக் கோட்டிலிருந்து 13 மில்லிமீட்டர் அளந்தால் 10 பாகை. வட்டத்தின் சுற்றளவு எதற்குப் பயன்படும் என்று வகுப்பில் அலுத்துக்கொள்ளும் மாணவர்கள் இதனைக் கவனிக்கவேண்டும்.

மூன்றாவது, ஒரு சிறிய 12 வோல்ட் பல்பின் ஒரு கம்பியை டிஸ்ட்ரிபியூட்டரின் தாழ்மின் முனையிலும், மற்றொன்றை எஞ்சின் உடலிலும் இணைத்துச் சாவியைப் போடுக. பாயின்ட் சேர்ந்திருந்தால் மின்னோட்டம் அவற்றின் வழியே போய்விடும், பல்பு எரியாது. பிரிந்த கணத்தில் எரியும். டிஸ்ட்ரிபியூட்டரின் பிடிப்பைத் தளர்த்தி உடலை மெல்லத் திருப்புக. உள்ளே ரோட்டார் சுழலும் திசைக்கு எதிராகத் திருப்பினால் பொறி முந்தும். அதே திசையில் திருப்பினால் பிந்தும். பல்பு பளிச்சிடும் இடத்தில் நிறுத்தி முடுக்குக. டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்க் தண்டின் பாதி வேகத்திலே சுழல்வதால், அதன் ஒரு பாகை கிராங்க் தண்டின் 2 பாகைக்குச் சமம். கையின் சிறு நழுவலும் இருமடங்கு பிழையாகும் என்பதை மறவாதீர்கள்.

நான்காவது, எஞ்சின் ஓடும்போது சரிபார்த்தல். இதற்கு மின்னல் விளக்கு வேண்டும். முதற் சிலிண்டரின் கம்பியில் இணைத்தால் அங்கே பொறி பிறக்கும் ஒவ்வொரு முறையும் அது மின்னும். கப்பிக் கோட்டின் மீது சிறிது சுண்ணாம்பைத் தடவி, உறிஞ்சு குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, விளக்கைப் பிடித்தால், விரைந்து சுழலும் கோடு ஒரே இடத்தில் அசையாது நிற்பது போலத் தோன்றும். சினிமாவில் ஓடும் வண்டியின் சக்கரம் நிற்பதுபோலத் தோன்றுவதற்கும் இதுவே காரணம். எஞ்சினை விரைவுபடுத்தினால் கோடு நகர்ந்து முந்தல் கூடுவதைக் காட்டும். அது ஒழுங்காக நகர்ந்து, உரிய எல்லையில் நிற்கவேண்டும். தாவினாலோ தடுமாறினாலோ எடைகளின் வில்சுருள் தளர்ந்திருக்கிறது, அல்லது தண்டின் தாங்கி தேய்ந்திருக்கிறது என்று பொருள். திருத்தப்பட்ட எஞ்சினில் தொடக்க அளவைவிட இந்த மொத்த அளவே முக்கியமானது. மேற்சொன்ன ஹெரால்டு காருக்கு நேர்ந்ததை இந்த ஒரு விளக்கு தடுத்திருக்கும்.

ஐந்தாவதாக மட்டுமே சாலைக்குச் செல்லவேண்டும். எஞ்சின் நன்கு சூடேறிய பின், போக்குவரத்துக் குறைந்த சீரான ஏற்றம் ஒன்றில் மேல் கியரில் மிதியை அழுத்திக் கேளுங்கள். சரக்கு லாரிகள் நெருங்கி வரும் எஸ் வளைவு இச்சோதனைக்கு உரிய இடமன்று. நாக்கிங் எழுந்தால் ஒன்றிரண்டு பாகை பின்வாங்கி மறுபடியும் ஏறிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும், மாற்றியதைக் குறித்துவைக்கவேண்டும். ஆய்வுக்கூடத்தில் நீங்கள் கற்கும் ஒழுக்கமும் இதுவே.

கையேட்டில் பாகை அச்சிட்டிருக்க, இவ்வளவு சோதனை எதற்கு என்று தோன்றலாம். கையேட்டின் எண் அன்றைய பெட்ரோலுக்கு எழுதப்பட்டது. எரிபொருள் மாறினால் ஏற்ற காலமும் மாறும். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் அருகியபோது, நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடியிற் பிறந்து மதுரையில் தொழில் நிறுவிய டி. வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம், கரியிலிருந்து வாயு செய்யும் கலங்களை மோட்டார் வண்டிகளுக்காகச் செய்தது. கரிவாயு பெட்ரோல் ஆவியைவிட மெதுவாக எரிவது. ஆகவே அவ்வகை வாயுவில் ஓடும் எஞ்சினுக்குப் பொறியை மேலும் முந்தச் செய்யவேண்டும். அதே சிலிண்டர், அதே பிஸ்டன். எரிபொருள் வேறானதும் காலமும் வேறாயிற்று. 1921இல் தாமஸ் மிட்ஜ்லி ஈயச் சேர்மம் ஒன்று நாக்கிங்கை அடக்குவதைக் கண்டார். உலகமெங்கும் பெட்ரோலில் அது கலக்கப்பட்டது. உடலுக்கு நஞ்சென்பதால் நம் நாட்டில் 2000ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டளவில் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலக்கும் நிலை வந்திருக்கிறது. எத்தனால் நாக்கிங்கை எதிர்க்க வல்லது. ஆனால் பழைய கார்புரேட்டரில் கலவையின் செறிவைக் குறைத்துவிடும். பழைய ரப்பர்க் குழாய்களையும் கெடுக்கும். எனவே கார்புரேட்டரையும் குழாய்களையும் பார்க்காமல் டைமிங்கை மட்டும் திருப்புவது பாதி வைத்தியம்.

எரிபொருளைப் போலவே காற்றும் மாறுகிறது. நம் பகுதியில் இதனை எளிதில் உணரலாம். ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலச் சாரல் வீசும்போது காற்று குளிர்ந்து ஈரம் செறிந்திருக்கும். குளிர்ச்சியும் ஈரமும் நாக்கிங்கைக் குறைப்பவை. அக்காலத்தில் விளிம்புவரை முந்தலைக் கூட்டி வைத்த வண்டி, பங்குனி, சித்திரை வெயிலில் அதே ஏற்றத்தில் கிணுகிணுக்கும். ஆகையால் சாரலில் டைமிங் வைப்பவர் ஓரிரு பாகையைக் கோடைக்கென்று விட்டுவைப்பது அறிவுடைமை.

சாரல் காலத்தில் வேறொரு மயக்கமும் நேரும். ஐந்தருவியில் நீராடித் திரும்புவோர், நெடுநேரம் தூறலில் நின்ற பழைய காரைக் கிளப்பினால் அது இருமி இருமி நிற்கும். டைமிங் போய்விட்டது என்று உடனே டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்துவோர் உண்டு. நேற்று வரை சரியாக இருந்த திருகு தானாக நகர்வது அரிது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் படிந்த ஈரத்தின் வழியே உயர்மின் அழுத்தம் தப்பி ஓடுவதே பெரும்பாலும் காரணம். மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்து, உள்ளே மயிரிழை போன்ற கருங்கோடு ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். கோடு இருந்தால் மூடியை மாற்றவேண்டும். நோயின் மூலம் அறியுமுன் மருந்தை மாற்றலாகாது.

நண்பர்களே! புதிய கார்களில் டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை, பாயின்ட் இல்லை, திருப்புவதற்குத் திருகும் இல்லை. கிராங்க் தண்டின் நிலையை உணர்கருவி ஒன்று அளந்து சொல்கிறது. சிலிண்டர் உடலில் பொருத்திய மற்றோர் உணர்கருவி, நம் செவிக்கு எட்டாத நாக்கிங் அதிர்வையும் கேட்டு அறிவிக்கிறது. கணிப்பொறி கணக்கிட்டுப் பொறியை இவ்விடத்தில் முந்தச் செய்கிறது. அதிர்வு கேட்டால் அவ்விடத்தில் பின்வாங்கச் செய்கிறது. விளக்கை வைத்து அளந்து, மேட்டில் ஏறிக் காதால் கேட்டு, ஒரு பாகை பின்வாங்கிய அந்த முதிய மெக்கானிக்கின் பழக்கத்தையே எந்திரம் வினாடிக்குப் பலமுறை செய்கிறது. கணக்கை மட்டும் நம்பியிருந்தால் மாறிவரும் பெட்ரோலும் காற்றும் அதனை ஏமாற்றியிருக்கும். காதை மட்டும் நம்பியிருந்தால் வேகத்தின் இரைச்சலில் தோற்றிருக்கும்.

உங்கள் ஊரில் பழைய வண்டி பழுதுபார்க்கும் பட்டறை இன்னும் ஒன்றிரண்டு இருக்கும். விடுமுறையில் ஒருநாள், அங்குள்ள பெரியவரிடம் மரியாதையாக அனுமதி கேட்டு, ஒரு டைமிங் வைப்பதை அருகிருந்து பாருங்கள். கையில் ஒரு நாடாவும் குறிப்பேடும் கொண்டு செல்லுங்கள். கப்பியின் சுற்றளவை அளந்து ஒரு பாகைக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று கணக்கிட்டு அவரிடம் சொல்லுங்கள். அவர் எஞ்சினைக் கேட்கும் விதத்தை நீங்கள் அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள்.